சித்தப்பா வாங்கப்போகும் லோடு வண்டி: 1,500 சி.சி. போதுமா, 2,500 சி.சி. வேண்டுமா?

ராத்திரி பத்து மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தால், ஊரில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். பதறிப்போய் எடுத்தேன்.

"ஏல, தூங்கிட்டியா? ஒரு விஷயம் கேக்கணும். பத்திரிகையிலதான இருக்க, விசாரிச்சுச் சொல்லு. 1,500 சி.சி. வண்டி எடுக்கவா, 2,500 சி.சி. எடுக்கவா?"

சேரன்மகாதேவி பக்கத்தில் சித்தப்பா 16 வருடமாக லோடு வண்டி ஓட்டுகிறார். வாழைத்தார், நெல் மூட்டை, செங்கல், கல்யாண வீட்டுப் பாத்திரம், கோயில் கொடைக்கு மைக் செட் என்று அந்த வட்டாரத்தில் எது நகர்ந்தாலும் அவர் வண்டியில் ஏறியிருக்கும். பழைய வண்டி ஓய்ந்துவிட்டது. புதிதாக ஒரு பிக்கப் எடுக்க வேண்டும். முன்பணத்துக்குச் சித்தியின் நகை அடகுக்குப் போகிறது. ஐந்து வருடத் தவணை. தப்பான வண்டியை எடுத்துவிட்டால் அந்த ஐந்து வருடமும் போச்சு.

அவருக்கு இருந்த சந்தேகம் ஒன்றுதான். 'சின்ன இன்ஜின்ல டர்போவை மாட்டி, பெரிய இன்ஜின் அளவுக்கு இழுக்கும்னு சொல்லுதானுவ. நெசமாவே இழுக்குமா?'

டிஜிட்டல் டெஸ்க்கில் சினிமா டிரெய்லரையும் மழை அறிவிப்பையும் போட்டுக்கொண்டிருக்கிற எனக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் கேட்டது சித்தப்பா. விசாரித்தேன். ஒரு முறை அவர் கூடவே லோடும் ஏறினேன்.

குட்டி யானையின் 16 குதிரைகள்

கதை 2005-ம் ஆண்டு மே மாதத்தில் தொடங்குகிறது. டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது அப்போதுதான். வடக்கே 'சோட்டா ஹாத்தி', நமக்கு 'குட்டி யானை'. அதற்கு முன்பு, ஒரு டன்னுக்குள் சரக்கு ஏற்ற மூன்று சக்கர ஆட்டோவை விட்டால் டிராக்டர், மாட்டு வண்டிதான். குட்டி யானை வந்தபிறகு, கல்லிடைக்குறிச்சியின் சந்துக்குள்ளும் வீரவநல்லூரின் வயல் வரப்போரத்திலும் நான்கு சக்கர வண்டி நுழைந்தது. 12 ஆண்டுகளில் 20 லட்சம் வண்டிகள் விற்றன.

அந்த முதல் ஏஸின் இன்ஜின் 702 சி.சி., இரண்டு சிலிண்டர், டர்போ கிடையாது. சக்தி வெறும் 16 குதிரைத்திறன். ஏற்ற வேண்டிய எடை 750 கிலோ. நம்ம ஊரில் யார் 750 கிலோவோடு நிறுத்தினார்கள்? ஏத்தன் வாழைத்தார் ஒன்று சராசரியாக 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், 60 தாரிலேயே கணக்கு முடிந்துவிடும். 100 தாருக்குக் குறைந்து ஏற்றிய வண்டியை நான் சின்ன வயசில் பார்த்ததே இல்லை.

தாமிரபரணிப் பாசனப் பகுதி பெரும்பாலும் சமதளம் என்பதால் அந்த 16 குதிரைகளும் எப்படியோ இழுத்துச் சமாளித்தன. சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டை காய்கறி மார்க்கெட் வரை மலையா இருக்கிறது? ஆனால் விளைச்சல் அங்கேயே நிற்பதில்லை. தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஏற வேண்டும். இல்லையென்றால் பணகுடி, ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். ஒன்றில் மலை, இன்னொன்றில் காற்று. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொல்லன் துருத்தி

டர்போ என்பது என்ன? கொல்லன் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். உலையில் கரி அதேதான், அளவும் அதேதான். துருத்தியை மிதித்துக் காற்றை உள்ளே தள்ளினால் நெருப்பு சீறும். டர்போ செய்வதும் அதுவே. டீசல் எரிவதற்குக் காற்று வேண்டும். சாதாரண இன்ஜின் தன்னால் உறிஞ்ச முடிந்த காற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். டர்போ இருந்தால் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும். காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம், கூடுதல் சக்தி கிடைக்கும்.

இதில் அழகு என்னவென்றால், இந்தத் துருத்தியை மிதிக்கத் தனி ஆள் தேவையில்லை. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றைத் தள்ளுகிறது. சின்ன டர்போக்களில் இந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலும். ஆல்பிரட் பூஷி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நூறு வருடத்துக்கு முந்தைய யோசனை இப்போதுதான் நம்ம வாழைத்தார் வண்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் டர்போ காற்றைத் தள்ளினால், 1.5 லிட்டர் இன்ஜினுக்குள் ஏறக்குறைய 3 லிட்டர் இன்ஜினுக்கு உரிய காற்று போகிறது. காற்று சூடாவதால் கொஞ்சம் நஷ்டம் உண்டு. அதைக் குளிரவைக்கத்தான் இன்டர்கூலர். 'சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கும்' என்ற பேச்சுக்கு இதுதான் அடிப்படை. அதில் பொய் இல்லை.

காகிதத்தில் யார் ஜெயிக்கிறார்கள்?

சித்தப்பாவின் பட்டியலில் இருந்த இரண்டு வகையையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மஹிந்திரா பொலேரோ பிக்கப். 2,523 சி.சி., நான்கு சிலிண்டர். நெடுங்காலம் விற்ற மாடலில் 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் இழுவிசை. மறுபக்கம் அசோக் லேலண்டின் படா தோஸ்த். 2020 செப்டம்பரில் அறிமுகமானது, 1,478 சி.சி., மூன்றே சிலிண்டர். ஆனால் 80 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர்.

ஒரு லிட்டருக்கு மேல் சின்ன இன்ஜின், சக்தியில் ஒரு படி மேல், இழுவிசையில் ஒரு பிடி கீழ். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பொலேரோவிலும் டர்போ இருக்கிறது. ஆகவே இது 'டர்போவா, டர்போ இல்லாததா' என்ற போட்டி இல்லை. ஒரு பெரிய இன்ஜினை நிதானமாக வேலை வாங்குவதா, சின்ன இன்ஜினை விரட்டி வேலை வாங்குவதா என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டால் பொலேரோ ஒரு லிட்டருக்கு 30 குதிரைத்திறன் தருகிறது. படா தோஸ்த் 54. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

54 என்பது பயப்படும் எண்ணா? காரோடு ஒப்பிட்டால் இல்லை. 1.5 லிட்டர் டீசல் ஹூண்டாய் கிரெட்டாவில் அதே அளவு இன்ஜின் 115 குதிரைத்திறன் வரை தருகிறது. ஆனால் கிரெட்டாவின் முதுகில் யாரும் 150 வாழைத்தார் ஏற்றுவதில்லை.

தோஸ்த்தின் சொந்த வரலாறும் சுவாரஸ்யமானது. 2011-ல் நிஸானுடன் சேர்ந்து அசோக் லேலண்ட் முதல் தோஸ்த்தைக் கொண்டுவந்தபோது, ஏறக்குறைய அதே அளவு இன்ஜின் 55 குதிரைத்திறன்தான் தந்தது. ஓசூரில் தயாரான வண்டி என்பதால் நம்ம பக்கத்தில் அதற்கு ஒரு தனிப் பாசம். ஒன்பது வருடத்தில், இன்ஜின் அளவு வளரவில்லை, சக்தி மட்டும் 80 ஆகிவிட்டது.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் பிக்கப் என்றால் வி8 இன்ஜின்தான் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. அங்கேயே 2011-ல் ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 வந்தது. 2019-ல் செவர்லே சில்வராடோவுக்கு 2.7 லிட்டர், நான்கே சிலிண்டர் டர்போ வந்தது. பிறகு அதன் இழுவிசையை 583 நியூட்டன் மீட்டராக உயர்த்தினார்கள். அதே வண்டியின் 5.3 லிட்டர் வி8 தருவது 519. இந்தியாவிலும் இசுஸு வி-கிராஸில் 2.5 லிட்டர் இன்ஜின் போய் 1.9 லிட்டர் வந்தபோது, இழுவிசை 320-லிருந்து 360 நியூட்டன் மீட்டராகக் கூடியது.

குதிரைத்திறனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஷோரூமில் முதலில் சொல்லும் எண் குதிரைத்திறன். லோடு வண்டிக்காரர்கள் கேட்க வேண்டியது இழுவிசை. அதுவும் எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பது.

ஓர் உதாரணம். மாருதி சூப்பர் கேரி, இப்போது வருவது டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல். சக்தி சுமார் 80 குதிரைத்திறன். டாடா இன்ட்ரா வி10, 798 சி.சி., இரண்டே சிலிண்டர் டர்போ டீசல். சக்தி சுமார் 44. பார்த்தால் சூப்பர் கேரி இரண்டு மடங்கு பலசாலி மாதிரித் தெரியும். ஆனால் இழுவிசை? சூப்பர் கேரியில் 104, இன்ட்ராவில் 110 நியூட்டன் மீட்டர். அதுவும் இன்ட்ராவில் 2,000 சுற்றுக்குக் கீழேயே முழு இழுவிசை வந்துவிடும். சூப்பர் கேரியில் அதற்கு 2,900 சுற்று வரை இன்ஜினைக் கத்தவிட வேண்டும். 80 குதிரைகளும் வெளியே வருவது 6,000 சுற்றில். லோடு ஏற்றி யார் 6,000 சுற்றில் ஓட்டுவார்கள்?

(மாருதியே 2016-ல் சூப்பர் கேரியைக் கொண்டுவந்தபோது 793 சி.சி. டர்போ டீசலும் வைத்திருந்தது. 32 குதிரைத்திறன். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது. சின்ன டீசல் இன்ஜினுக்குப் புகைவடிகட்டிச் சாதனங்கள் மாட்டும் செலவு கட்டுப்படியாகாது என்பதுதான் காரணம்.)

எஸ் வளைவில் நான் பார்த்தது

ஓணத்துக்கு முந்தைய வாரம். ஏத்தன் தாருக்குக் கேரளாவில் கேட்ட விலை கிடைக்கிற நேரம். சித்தப்பாவின் நண்பர் ஒருவர் வைத்திருக்கும் மூன்று சிலிண்டர் டர்போ வண்டியில், அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசிக்குக் கிளம்பினோம். சித்தப்பா ஓட்டுகிறார், நான் நடுவில், நண்பர் ஜன்னலோரம். முழங்காலுக்கு நடுவில் கியர் ராடு. குற்றாலச் சாரல் கண்ணாடியில் பொட்டுப்பொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

சமதளத்தில் குறையே சொல்ல முடியாது. புளியரை தாண்டி கோட்டைவாசல் ஏற்றம். அங்கே இருக்கும் எஸ் வளைவு இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஏற்றம் நீளமானதில்லை. முன்னால் கனிமம் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று மனிதர் நடக்கும் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. வளைவுக்கு நடுவில் அது நின்றுவிட்டது. நாங்களும் நின்றோம்.

"இப்பப் பாரு" என்றார் சித்தப்பா.

லாரி நகர்ந்ததும் கிளட்சை விட்டார். வண்டி ஒரு கணம் மூச்சுத் திணறியது. இன்ஜின் சத்தம் தாழ்ந்து, அணைந்துவிடுமோ என்று தோன்றிய நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அரை நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு விசில் சத்தம், பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல வண்டி கிளம்பியது.

அந்த அரை நொடிதான் விஷயம். டர்போ சுற்றுவதற்குப் புகை வேண்டும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. துருத்தி வேகம் பிடிக்கும்வரை 1,500 சி.சி. இன்ஜின் வெறும் 1,500 சி.சி. இன்ஜின்தான். 2,500 சி.சி. வண்டிக்கும் இந்தத் தாமதம் உண்டு. ஆனால் துருத்தி இல்லாமலே அது ஒரு லிட்டர் பெரியது, அந்த அரை நொடியைச் சமாளித்துவிடும். சின்ன இன்ஜின்காரர்கள் கிளட்சைக் கொஞ்சம் நழுவவிட்டுச் சுற்றைக் கூட்டிக் கிளம்ப வேண்டும். தினமும் அதைச் செய்தால் கிளட்ச் தேயும். 'புல்லிங் இல்லை' என்று டீக்கடையில் சொல்லப்படும் புகாரில் பாதி இந்த அரை நொடியைப் பற்றியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் லோடுடன் டிராஃபிக்கில் நின்று கிளம்புகிறவர்களைக் கேட்டால் இதையே சொல்வார்கள்.

கொஞ்சம் கணக்கு

ஆபீஸுக்குத் திரும்பியதும் பள்ளிக்கூட இயற்பியலைத் தூசி தட்டினேன். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஒரு மலைச்சாலை என்று வைத்துக்கொள்வோம். தோராயக் கணக்குதான்.

முதல் தலைமுறை குட்டி யானை, 750 கிலோ சரக்கோடு மொத்தம் 1,550 கிலோ. அதன் 16 குதிரைகளும் முழுமூச்சாக இழுத்தால் மணிக்கு ஏறக்குறைய 25 கி.மீ. வேகத்தில் ஏறும். அதில் ஒன்றரை டன் ஏற்றினால் 17, 18 கி.மீ. இப்போது, 80 குதிரைத்திறன் டர்போ வண்டி, முழு லோடோடு மொத்தம் 3,490 கிலோ. அதே சாலையில் 50 கி.மீ.-க்கு மேலேயே ஏற முடியும். 30 கி.மீ. வேகத்தில் ஏறினால் அதன் சக்தியில் பாதிதான் செலவாகும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு டன்னுக்கு எத்தனை குதிரை? பழைய குட்டி யானைக்கு 10. இந்த டர்போ பிக்கப்புக்கு 23. நெடுஞ்சாலையில் போகும் 49 டன் லாரிக்கு 250 குதிரைத்திறன் என்றால் டன்னுக்கு 5 தான். எஸ் வளைவில் அந்த டாரஸ் ஏன் ஊர்ந்தது என்று இப்போது புரிகிறதா?

காற்றையும் விடக்கூடாது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. தார்ப்பாய் கட்டிய உயரமான பிக்கப் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது, காற்றைக் கிழிக்கச் சுமார் 8 குதிரைத்திறன் செலவாகும். எதிரே 35 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால் அது 20 ஆகிவிடும். மொத்தமே 16 வைத்திருந்த பழைய குட்டி யானை அங்கே என்ன செய்யும்? மூன்றாவது கியருக்கு இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு போகும். டர்போ வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மலை உச்சிகளிலும் டர்போவுக்கு அனுகூலம்தான். 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு சதவிகிதம் காற்று மெலிகிறது. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறினால் 1,000 மீட்டருக்கு மேல். டர்போ இல்லாத வண்டி பத்தில் ஒரு பங்கு சக்தியை அங்கே இழந்துவிடும். டர்போ கூடுதலாகச் சுழன்று அந்தக் குறையை ஈடுகட்டிவிடும்.

ஆக, ஏறுவதற்குச் சக்தி போதுமா என்று கேட்டால், போதும். தாராளமாகப் போதும். சித்தப்பாவிடம் போனில் அப்படியே சொன்னேன்.

"ஏறுததுக்குச் சரில. எறங்குததுக்கு?"

எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

இறக்கத்தில் டர்போ இல்லை

கோட்டைவாசலில் ஏறியவர் ஆரியங்காவு தாண்டி இறங்கித்தான் ஆக வேண்டும். திரும்பி வரும்போது புளியரைக்கு இறங்க வேண்டும். இறக்கத்தில் பழைய டிரைவர்கள் பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார்கள். இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை இழுத்து, அழுத்தி, உராய்ந்து வண்டியின் வேகத்தைத் தின்னும்.

அப்படித் தின்பது இன்ஜினின் உண்மையான அளவைப் பொறுத்தது. ஆக்ஸிலேட்டரில் கால் இல்லாதபோது டீசல் எரியாது, புகை இல்லை, டர்போ சும்மா கிடக்கும். ஏறும்போது 3 லிட்டர் இன்ஜின் மாதிரி நடித்த 1.5 லிட்டர் இன்ஜின், இறங்கும்போது 1.5 லிட்டர் ஆகிவிடும். 2.5 லிட்டர் இன்ஜின் இறக்கத்திலும் 2.5 லிட்டர்.

அதே 8 மீட்டர் சாலையில், 3,490 கிலோ வண்டி 30 கி.மீ. வேகத்தில் சீராக இறங்க வேண்டுமென்றால், சுமார் 18 கிலோவாட் ஆற்றலை எங்காவது கரைத்தாக வேண்டும். ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் 18-ஐ ஒரே நேரத்தில் போட்டுவிட்ட சூடு. இன்ஜின் எவ்வளவு வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவு போக, மீதி முழுக்க பிரேக் லைனிங்கில்தான். மூன்று டன் ஏற்றினால் இஸ்திரிப் பெட்டி 25-ஆக ஆகிவிடும். சூடேறிய பிரேக் பிடிக்காது. மிதிக்க மிதிக்க உள்ளே போகும்.

மூன்று டன் ஏற்றுவார்களா என்றால், அதுதான் டர்போவின் வினை. அதே கணக்கில், மூன்று டன் ஏற்றினாலும் வண்டி 40 கி.மீ. வேகத்தில் ஏறிவிடும். இன்ஜின் 'முடியாது' என்று சொல்லவே சொல்லாது. பழைய குட்டி யானை முனகும், புகை தள்ளும், ஏற்றத்தில் நிற்கும். டிரைவருக்குத் தன்னாலே புத்தி வரும். டர்போ வண்டியில் அந்த எச்சரிக்கை போய்விட்டது. ஆனால் பட்டை, டயர், ஆக்ஸில், பிரேக் எல்லாம் கம்பெனி சொன்ன எடைக்குத்தான் செய்யப்பட்டவை.

சட்டமும் சும்மா விடாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு ஓணம் சீசன் லாபம் ஒரே செக்போஸ்ட்டில் போய்விடும். (ஒரு நல்ல செய்தியும் உண்டு. 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிகளை ஓட்ட சாதாரண இலகு ரக வாகன லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது. பிக்கப் எல்லாம் இதில் அடங்கும்.)

பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி

ஆயுள் பற்றித் தெரிந்துகொள்ள நெல்லை பேட்டையில் சித்தப்பாவுக்குப் பழக்கமான பட்டறைக்குப் போனேன். மேஜையில் ஒரு டர்போ, கழற்றிப் போட்டிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சக்கரம். விரலால் சுற்றினால் கடகடவென்று ஆடியது. ஆடக் கூடாதாம். எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டேன், சிரித்துவிட்டு ஆயில் கேனைக் காட்டினார். ஏதோ ஒரு லோக்கல் ஆயில். அதையும் மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றவில்லை.

லட்சம் சுற்று சுழலும் அச்சைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். ஆயில் கெட்டால் அச்சு தேயும். ஏற்றம் ஏறி வந்த கையோடு சாவியைத் திருப்பி அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுபோகும். சூடான டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கரியாகும். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும். பிசானம் அறுப்பு நேரத்தில் களத்துத் தூசியும் பதரும் ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். அதையும் கவனிக்க வேண்டும். பெரிய இன்ஜினுக்கும் இதெல்லாம் பொருந்தும். ஆனால் லிட்டருக்கு 30 குதிரை கேட்கிற இன்ஜின் மன்னிக்கும், 54 கேட்கிற இன்ஜின் அவ்வளவாக மன்னிக்காது என்பது அண்ணாச்சியின் அனுபவம்.

பி.எஸ்-6 வண்டிகளில் இன்னொரு தொல்லை, புகைக்கரி வடிகட்டி. டவுனுக்குள்ளேயே இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டினால் கரி சேர்ந்து டேஷ்போர்டில் விளக்கு எரியும். அவ்வப்போது நாற்கரச் சாலையில் நீட்டி ஓட்டினால் சூட்டில் கரி எரிந்துவிடும். தினமும் ரத வீதிக்குள் மளிகை இறக்குகிறவர் டர்போ டீசலே எடுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். அவர்களுக்கு சி.என்.ஜி. இருக்கிறது, பேட்டரி வண்டி இருக்கிறது. 2022-ல் வந்த ஏஸ் இ.வி.-யில் இழுவிசை 130 நியூட்டன் மீட்டர், அதுவும் முதல் சுற்றிலிருந்தே. துருத்திக்காகக் காத்திருக்கும் அந்த அரை நொடியே கிடையாது. ஆனால் சேரன்மகாதேவியிலிருந்து புனலூர் போய்த் திரும்புகிறவருக்கு அது சரிவராது.

சித்தி கேட்டது

சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "டீசல் யாருக்குக் குறையும்?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக் கணக்கு எழுதுவது அவர்தான்.

சின்ன இன்ஜின் பக்கம் பலமான வாதம் இதுதான். பாதி லோடிலும் காலியாகவும் ஓடும்போது சின்ன இன்ஜின் குறைவாகக் குடிக்கும். ஒரு வண்டி லிட்டருக்கு 12 கி.மீ., இன்னொன்று 14 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 100 கி.மீ., மாதம் 25 நாள் ஓடினால் 30 லிட்டர் மிச்சம். இன்றைய விலைக்கு மாதம் சுமார் 2,700 ரூபாய். ஆனால் எப்போதும் முழு லோடு, எப்போதும் மலை என்றால் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். துருத்தியை மிதித்தால் கரி எரியத்தானே செய்யும்?

சித்தப்பாவின் ஓட்டத்தைச் சித்தி நோட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். மாதத்தில் 20 நாள் சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை, அம்பை வட்டாரத்துக்குள். மலை ஏறுவது மூன்று நான்கு முறை. ஓணம், விஷு சமயத்தில் கொஞ்சம் கூடும். திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டி.

இந்த ஓட்டத்துக்கு 1,500 சி.சி. போதும் என்று சொன்னேன். தினமும் கேரளா போகிற ஆளாக இருந்திருந்தால், பெரிய இன்ஜினைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். ஏறுவதற்காக இல்லை, இறங்குவதற்காக. சித்தப்பா ஒரு நிபந்தனை வைத்தார். காலி வண்டியில் டெஸ்ட் டிரைவ் வேண்டாம், லோடோடு வேண்டும் என்று ஷோரூமில் கேட்டார். மணல் மூட்டை ஏற்றிய டெமோ வண்டியை அடுத்த நாள் கொடுத்தார்கள். ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி, பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி, பின்னால் வந்த பஸ்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி கிளப்பிப் பார்த்தாராம்.

போன வாரம் புக் பண்ணிவிட்டார். வண்டி இப்போது பாடி கட்டுகிற பட்டறையில் நிற்கிறது. கிராதியை ஓரடி உயர்த்திக் கட்டினால் இன்னும் 40 தார் பிடிக்கும், கட்டட்டுமா என்று பட்டறைக்காரர் கேட்டிருக்கிறார். கம்பெனி வைத்த உயரமே இருக்கட்டும் என்று சித்தப்பா சொல்லிவிட்டாராம். சித்திதான் போனில் சொன்னார்.